"மரம் நடுங்கள்" என்று சொல்ல ஒரு டிகிரி வேண்டுமா?

திருமங்கலத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டாள், சுற்றுச்சூழல் அறிவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "நாம வாழ்ற விதம் இயற்கையைக் கெடுக்குதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை மூணு வருஷம் உட்கார்ந்து படிக்க என்ன இருக்கு? வேலை கிடைக்குமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையைக் கடைசியில் கேட்டிருந்தாலும் உங்களை முதலில் உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு அண்ணனுக்கு அது நியாயமான உறுத்தல். ஆனால் உங்கள் வாக்கியத்துக்குள் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: இது அறிவியலா, புத்திமதியா? முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன்.

நான் மதுரையில் இந்தப் பாடத்தை இருபது வருஷத்துக்கு மேல் நடத்தியவன். அதற்கு முன் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவுவதில் ஆரம்பித்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். என் கை பழகியது தண்ணீரில்தான். பறவை, காடு, காற்று பற்றி நான் சொல்வது படித்துச் சொல்வது. தண்ணீரைப் பற்றிச் சொல்வது பார்த்துச் சொல்வது. அந்த வித்தியாசத்தோடு படித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இது புத்திமதிப் பாடமாகத் தோன்றுவதில் தப்பில்லை. 1991-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளி, கல்லூரி எல்லாவற்றிலும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் வேண்டும் என்றது. அதைப் பின்பற்றி யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) எல்லா இளநிலைப் படிப்புக்கும் ஒரு தாளை வைத்தது. நீங்கள் பி.காம் படித்திருந்தாலும் எழுதியிருப்பீர்கள். அந்தத் தாளைப் பெரும்பாலான கல்லூரிகள் எப்படி நடத்தின என்பது ஊரறிந்த விஷயம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி இருபது பக்கத்தைப் புரட்டிவிட்டு, "மரம் வளர்ப்போம், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்" என்று எழுதினால் பாஸ். நல்ல நோக்கத்தோடு வந்த உத்தரவுதான். ஆனால் அந்தத் தாளை எழுதிய அத்தனை பேரும் இந்தத் துறையே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவ்வளவுதானா என்று பார்க்க உங்கள் வீட்டிலிருந்தே ஒரு கணக்குப் போடுவோம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டுத் திட்ட அளவு. அதில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராக வெளியே போகும் என்று வைத்துக்கொள்வார்கள். ஆக ஓர் ஆளுக்கு 108 லிட்டர். அந்தத் தண்ணீரில் மலம், சிறுநீர், சோறு வடித்த கஞ்சி, பாத்திரம் கழுவிய எண்ணெய் எல்லாம் இருக்கும். இவற்றைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு எடுக்கும் என்பதற்குத்தான் பி.ஓ.டி. என்று பெயர். ஓர் ஆள் தினமும் சாக்கடையில் சேர்க்கும் பி.ஓ.டி. சுமார் 45 கிராம். ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம் என்று சொல்ல அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 45 கிராமை 3 மில்லிகிராமால் வகுத்துப் பாருங்கள். ஒரே ஓர் ஆள் ஒரு நாளில் விடும் அழுக்கைக் குளிக்கத் தகுந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 15,000 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும்.

2011 கணக்கெடுப்பிலேயே மதுரை நகரத்தின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்து லட்சம் பேருடைய கழிவும் சுத்திகரிக்கப்படாமல் அப்படியே ஆற்றுக்குப் போனால், அதை நீர்க்கச் செய்ய வினாடிக்கு 6,000 கன அடிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் இடைவிடாமல் ஓட வேண்டும். 71 அடியும் நிரம்பிய வைகை அணையில் இருப்பது ஏறக்குறைய 6 டி.எம்.சி., அதாவது 600 கோடி கன அடி. அது பன்னிரண்டு நாள்கூடத் தாங்காது. இது சும்மா ஒரு மேலோட்டமான கணக்கு. ஆறு போகிற போக்கில் தன்னைத்தானே கொஞ்சம் சுத்தம் செய்துகொள்ளும், அதை நான் சேர்க்கவில்லை. அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன, எல்லாச் சாக்கடையும் பச்சையாக ஆற்றுக்குப் போவதில்லை. ஆனாலும் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மணலும் கோரையுமாகக் கிடக்கும் வைகையிடம் என்ன எதிர்பார்க்கலாம், என்ன எதிர்பார்க்கக் கூடாது என்பது இந்த நாலு வரிக் கணக்கில் தெரிந்துவிடும்.

கணக்கைப் பார்ப்பது ஒன்று, கண்ணால் பார்ப்பது வேறு. சில வருஷம் முன்பு தை மாதத்தில், ஆற்றில் தண்ணீர் ஓடிய நேரம், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு நகரத்துக்குள் நுழையும் முன் வரும் துவரிமான் பக்கம் ஒரு பாட்டில் பிடித்தோம். ஊர்ச் சாக்கடையைச் சுமந்துவரும் பந்தல்குடி கால்வாய் ஆற்றில் வந்து விழும் இடத்தில் இன்னொன்று. 300 மில்லி கண்ணாடி பாட்டில், தேய்த்த கண்ணாடி மூடி. ஒரு காற்றுக்குமிழிகூட உள்ளே நிற்காமல் மூட வேண்டும், அதற்கே பத்து தடவை பழக வேண்டும். பிடித்த இடத்திலேயே மாங்கனீசு சல்பேட் கரைசல் 2 மில்லி, கார அயோடைடு 2 மில்லி விட்டு, மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கச் சொன்னேன். துவரிமான் பாட்டிலில் காப்பிப்பொடியைக் கரைத்த மாதிரி பழுப்பாகத் திரண்டு மெதுவாக அடியில் இறங்கியது. ஆக்சிஜன் இருந்தால் அந்த நிறம் வரும். பந்தல்குடி பாட்டிலில் திரண்டது வெள்ளையாகவே நின்றுவிட்டது. ஒரு பெண் இன்னும் நன்றாகக் குலுக்கிவிட்டு, "சார், நான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன் போல" என்றாள். அவள் தப்புப் பண்ணவில்லை. அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் என்று ஒன்று மிச்சமே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற பையன்கள் அதுவரை அதை நாற்றம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். "நாம் வாழும் விதம்" என்கிறீர்களே, அதில் எதை மாற்றினால் அந்த வெள்ளை பழுப்பாகும்? இதே கேள்வியை வகுப்பில் கேட்டால் முதலில் வரும் பதில், "தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்." சரி, நாளை முதல் மதுரை முழுக்க எல்லாரும் பாதித் தண்ணீரில் குளிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அணையில் தண்ணீர் மிஞ்சும், நல்லதுதான். ஆனால் ஆற்றில் சேரும் அழுக்கு ஒரு கிராம்கூடக் குறையாது. 45 கிராம் நம் வயிற்றிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வருகிறது, வாளியிலிருந்து வருவதில்லை. குறைந்த தண்ணீரில் அதே அழுக்கு இன்னும் கெட்டியாகப் போகும், அவ்வளவுதான். அந்தப் பாட்டிலின் நிறத்தைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டுக் குழாய் பாதாளச் சாக்கடையில் சேர்ந்திருக்கிறதா மழைநீர் வாய்க்காலில் சேர்ந்திருக்கிறதா என்பதும், அந்தப் பக்கத்துப் பம்பிங் ஸ்டேஷன் ராத்திரியும் ஓடுகிறதா என்பதும்தான். நல்ல மனசுள்ள ஒரு குடும்பமும் பொறுப்பில்லாத ஒரு குடும்பமும் ஒரே தெருவில் இருந்தால் ஆற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். புத்திமதி நின்று அறிவியல் ஆரம்பிக்கும் இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

கிருதுமாலைப் பார்த்திருப்பீர்கள். புராணத்தில் சத்தியவிரதன் கையில் மீன் வந்து சேர்ந்தது கிருதமாலா நதியில் என்று சொல்வார்கள். அந்தப் பெயரைச் சுமக்கும் ஆறு இன்று ஊருக்குள் சாக்கடையாகத்தான் ஓடுகிறது. பாதிப் பேருக்கு அது ஒரு ஆறு என்பதே தெரியாது. அதைக் கெடுத்தது யார் என்று கேட்டால் ஒரு ஆளையோ ஒரு பழக்கத்தையோ சுட்டிக்காட்ட முடியாது. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு காலத்தில் கிட்டத்தில் இருந்த பள்ளத்துக்குக் குழாயை இறக்கியது. கண்மாய்களின் கதையும் அதே கதைதான். ஒன்றின் மறுகால் தண்ணீர் அடுத்ததற்கு வரத்துக்காலாகப் போகிற மாதிரி சங்கிலியாகக் கட்டி வைத்தார்கள். நடுவில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் கீழே உள்ளது காயும், மேலே உள்ளது ஊருக்குள் வரும். உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை நடக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் அங்கேதான் விசாரணைக்கு வருகின்றன என்பதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகும்போது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

இந்தப் படிப்பு கற்றுக்கொடுக்கும் இன்னொன்று, ஒரே பொருளுக்கு ஒரே தீர்ப்பு கிடையாது என்பது. மஞ்சப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். மாட்டு வயிற்றையும் வாய்க்கால் அடைப்பையும் வைத்துப் பார்த்தால் துணிப்பைதான் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பருத்தி விளைய, நூற்க, நெய்ய ஆகும் எரிசக்தியை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. 2011-இல் இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட கணக்கில், புவி வெப்ப விஷயத்தில் மட்டும் ஒரு பருத்திப்பை ஒரு தடவை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையை முந்த 131 தடவை பயன்பட வேண்டியிருந்தது. அது அந்த ஊர்க் கணக்கு, நம் ஊர்ப் பருத்திக்கு எண் அப்படியே பொருந்தாது. ஆனால் உங்கள் வீட்டு அலமாரியில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை எத்தனை மடித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் நாற்பத்தொன்று. அவற்றில் காய்கறிக்கடைக்குப் போய்வருவது மூன்று.

உறுதியாகத் தெரிந்ததையும் தெரிந்ததாக நினைத்துக்கொள்வதையும் பிரிப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. சீமைக்கருவேலம் அதற்கு நல்ல உதாரணம். திருமங்கலத்தைத் தாண்டி விருதுநகர் பக்கம் போனால் ரெண்டு பக்கமும் அதுதான். 1870-களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட அமெரிக்க மரம். கண்மாய் உள்வாயில் பரவி மண்ணை அடைக்கும், வேர் மிக ஆழமாக இறங்கும், அடியில் உள்ளூர்ப் புல்லை வளர விடாது. இது மூன்றும் உறுதி. "காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சிவிடும், அதனால்தான் நம் மாவட்டத்தில் மழை இல்லை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது உங்களுக்கும் வந்திருக்கும். அதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு மரம் மழையைத் தடுக்கிறது என்பதைவிட, மழையை நிறுத்தி வைக்க நம்மிடம் தூர்வாரிய கண்மாய் இல்லை என்பதைச் சரிபார்ப்பது எளிது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொன்னபோது என்னிடம் கருத்துக் கேட்டவர்களுக்கு நான் சொன்னது: கண்மாய்க்குள் இருப்பதை எடுங்கள், ஆனால் வேரோடு எடுத்து வேறு மரம் வைக்காவிட்டால் மறுவருஷம் இரண்டு மடங்காக முளைக்கும். சிவகங்கை, ராமநாதபுரத்தில் இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களை யோசிக்காமல் பேசுவதும் அரைகுறை அறிவியல்தான்.

மனிதர் வாழும் விதம் என்றாலே கெடுதல் என்று உங்கள் கேள்வி எடுத்துக்கொண்டதையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1977-இல் அது சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பிருந்தே ஊர்க்கட்டுப்பாடு அது. நம் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்தில் 193 எக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. குன்று, சுனை, கண்மாய், அதன் மேல் சுற்றும் கழுகும் வல்லூறும் அதுவரை மிஞ்சியிருந்ததற்குக் காரணம் ஊர்க்காரர்கள் அந்த மலையை உடைக்க விடாததுதான். 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று வந்தபோது அவர்கள் எழுந்த வேகமும், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் நீங்கள் செய்தியில் பார்த்ததுதான். ஆனால் இங்கேயும் ஆசிரியர் புத்தி விடுவதில்லை. வேட்டங்குடிக்குப் பறவை வருவது வெடி இல்லாததாலா, கண்மாயில் தண்ணீர் நிற்பதாலா? மழை பொய்த்த வருஷம் வெடி இல்லாவிட்டாலும் பறவை வரத்து குறைவுதான். ரெண்டும் சேர்ந்துதான் என்பது என் ஊகம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நீண்ட வருஷக் கணக்கு வேண்டும்.

இன்னும் தீராத விஷயங்கள் இந்தத் துறையில் நிறையக் கிடக்கின்றன. மனித ரத்தத்திலேயே நுண்பிளாஸ்டிக் இருக்கிறது என்று 2022-இல் நெதர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். இருக்கிறது என்பது தெரியும், அது உடம்பை என்ன செய்யும் என்பது இன்னும் தெளிவாகவில்லை. காற்றில் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது, காரணம் நாம் எரிக்கும் எரிபொருள். இதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தச் சித்திரையில் மதுரை வெயிலில் உலகம் சூடாவதன் பங்கு எவ்வளவு, கான்கிரீட்டும் ஏசி மிஷினும் சேர்த்த பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினமான வேலை. யாராவது மேடையில் அதைச் சட்டென்று சதவீதத்தில் சொன்னால் எப்படிக் கணக்கிட்டார் என்று கேளுங்கள்.

இனி தங்கச்சி விஷயம். படிப்பில் பாதி வேதியியல், மீதியில் உயிரியல், புள்ளியியல், வரைபடம், சட்டம். 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், இவற்றைப் பிரிவு எண்ணோடு படிக்க வேண்டிவரும். வேதியியல் பிடிக்காத பிள்ளை என்றால் இப்போதே யோசியுங்கள். இயற்கைமேல் ஆசை வேறு, லேபில் சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளக்கும் டைட்ரேஷன் வேறு. என் சொந்த அபிப்பிராயம், இளநிலையில் வேதியியலோ தாவரவியலோ விலங்கியலோ எடுத்துவிட்டு முதுநிலையில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கு வருவது பாதுகாப்பான வழி. ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறந்திருக்கும். நேராக இளநிலையிலேயே எடுத்து நன்றாக வந்த மாணவர்களும் எனக்கு உண்டு, அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

வேலை உண்டு. ஆனால் எடுத்தவுடன் பெரிய சம்பளம் இல்லை. தண்ணீர், காற்றுப் பரிசோதனைக் கூடங்கள், தொழிற்சாலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், இவைதான் முதல் ஐந்து வருஷத்து வாசல்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்றே பதவி இருக்கிறது, முதுநிலைப் பட்டம் கேட்பார்கள், ஆனால் அறிவிப்பு வருஷா வருஷம் வராது. அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. கற்பிக்க வரவேண்டும் என்றால் நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடம். எம்.டெக். போன்ற மேற்படிப்புக்கான கேட் தேர்விலும் 2021 முதல் தனித்தாள் இருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: காசு கொடுப்பவர் விரும்பும் முடிவும் பாட்டில் காட்டும் நிறமும் ஒன்றாக இருக்காது. என் மாணவர் ஒருவர் அந்த மாதிரி ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்து வேலையை விட்டார். ஆறு மாதம் சும்மா இருந்தார். இப்போது வேறு இடத்தில் நன்றாக இருக்கிறார், ஆனால் அந்த ஆறு மாதத்தை வீடு தாங்கியதால்தான் அது முடிந்தது.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டிடத்தையும் பிளேஸ்மென்ட் நோட்டீசையும் பார்க்காமல், லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு பெட்டி இருக்கும், பி.ஓ.டி. இன்குபேட்டர் என்பார்கள். தண்ணீர் பிடித்த பாட்டில்கள் அதற்குள் 27 டிகிரியில் மூன்று நாள் இருட்டில் இருக்க வேண்டும். நான் ஒருமுறை வெளித்தேர்வாளராகப் போன ஒரு கல்லூரியில் அதைத் திறந்தேன். பிளக் சொருகவே இல்லை, உள்ளே ரெக்கார்டு நோட்டுக் கட்டும் இரண்டு டிபன் கேரியரும் இருந்தன. மாணவர்களின் ரெக்கார்டில் மட்டும் பி.ஓ.டி. எண்கள் அழகாக இருந்தன. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய், அவளையே அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.